ஆறெழுத்தாரின் வாரிசுகள்

"தாத்தாவோட அப்பா பேரு தெரியலன்னா, தெரியலன்னு விட்டுட்டுப் போக வேண்டியதுதானே? அதுக்கு எதுக்குங்க லீவு போடணும்?" என்று மனைவி கேட்டபோது, சீட்டுக்காரர் சட்டைப் பையில் மூன்றாவது பேனாவைச் செருகிக்கொண்டிருந்தார்.

"கட்டம் காலியா இருக்கு" என்றார்.

"இருந்துட்டுப் போகட்டும்."

"அது எப்படி இருந்துட்டுப் போகும்?"

சீட்டுக்காரர் என்றதும் அவசரப்பட்டு எதையும் நினைத்துவிட வேண்டாம். அவர் சூதாடுகிறவரும் இல்லை, ஏலச்சீட்டு நடத்துகிறவரும் இல்லை. லிஃப்ட் பொருத்தும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். முதலாளியே வந்து ஒரு போல்ட் கேட்டாலும் "சீட்டு இருக்கா?" என்பார். அந்தச் சீட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் முதலாளியும் வெறுங்கையோடு திரும்பிப் போக வேண்டியதுதான். இருபத்தெட்டு வருடமாக இப்படி. பதினொன்றாவது மாடியில் லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டு கத்திய நாளில்கூட, "தேதி போடலையே" என்று மெக்கானிக்கைத் திருப்பி அனுப்பிய புண்ணியவான்.

இப்போது அவருடைய ஒரே மகளுக்கு மூன்று வாரத்தில் கல்யாணம். மகளும் மாப்பிள்ளையும் நான்கு வருடம் காத்திருந்து, இரண்டு வீட்டையும் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்த கல்யாணம். மண்டப வாசலில் இரு குடும்பத்தின் வம்சாவளியையும் பெரிய படமாக வைக்கலாம் என்ற யோசனை மட்டும் சீட்டுக்காரருடையது. யாரும் கேட்கவில்லை.

சம்பந்தி நீச்சல் பயிற்சியாளர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசினாலும் குளத்தின் அக்கரையில் நிற்பவனைக் கூப்பிடுவது போலத்தான் பேசுவார். "எங்க பக்கம் தாத்தா வரைக்கும் பேரு இருக்கு! உங்க பக்கம்?" என்று அவர் கேட்டார். "எங்க பக்கமும் தாத்தா வரைக்கும்" என்று சொல்ல வேண்டி வந்தது. சரிசமம். சீட்டுக்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு படி மேலே ஏறிவிட்டால் போதும், சம்பந்தி வாயடைத்துப் போவார்.

அதற்காகத்தான் இந்த லீவு.

பதிவு அலுவலகத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு மடக்கு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மனு எழுதுகிறவர். எழுபது வயது இருக்கும். சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த ஒரு பழைய மரப்பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க தாத்தா காலத்துல இருந்து இதே இடம்தாங்க" என்றார் பெருமையாக. மூன்று தலைமுறை! சீட்டுக்காரருக்கு வயிறு எரிந்தது.

படிவத்தில் இருபத்திரண்டு கட்டங்கள். இருபத்தொன்றை நிரப்பியாயிற்று. 'முந்தைய விண்ணப்ப எண்' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"நான் முன்ன விண்ணப்பிச்சதே இல்லையே."

"ஏதாவது ஒரு நம்பர் போடுங்க. கட்டம் காலியா இருந்தா மூணாம் ஜன்னல்ல வாங்க மாட்டாங்க."

"இல்லாத நம்பரை எப்படிப் போடறது?"

"போன வாரம் ஒருத்தரு செருப்பு சைஸைப் போட்டாரு. வாங்கிக்கிட்டாங்க."

சீட்டுக்காரர் வாழ்க்கையில் பொய்க் கணக்கு எழுதியதில்லை. ஆனால் காலிக் கட்டத்தையும் பார்த்துக்கொண்டு இருந்ததில்லை. இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, எட்டு என்று எழுதினார். உண்மையிலேயே அவருக்கு எட்டு சைஸ்தான் என்பதில் சின்ன ஆறுதல்.

மூன்றாம் ஜன்னல் அம்மாவுக்கு ஜலதோஷம். படிவத்தை வாங்கி, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்து, திருப்தியாகத் தும்மினாள். அரை மணி நேரத்தில் ஒரு கனத்த பதிவேடு வந்தது. நூற்றுப் பத்து வருடத்துக்கு முந்தையது. அதில் தாத்தாவின் பிறப்பு பதிவாகியிருந்தது. தாயின் பெயர் சரி. தகப்பன் தொழில்: கொல்லர். முகவரி: எண் 1, முதல் தெரு. தகப்பன் பெயர் என்ற இடத்தில் பளிச்சென்று ஆறெழுத்தில் ஒரு பெயர்.

சீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க கொள்ளுத்தாத்தா" என்றார்.

"சரி, நகருங்க" என்றாள் ஜன்னல் அம்மா.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் தாளை நீட்டினார். மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். தினமும் எட்டுப் பேரை அதட்டி உருட்டிவிட்டு வருகிறவள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவள் அம்மாவைப் போலவே பிடிவாதம்: புருஷன் பெயரையும் புருஷன் வீட்டுப் பெரியவர்கள் பெயரையும் வாயால் சொல்ல மாட்டாள். அவளுடைய போனில் சீட்டுக்காரரின் நம்பருக்கு 'இவர்' என்று பெயர்.

"நல்லா நீளமாத்தான் இருக்கு பேரு" என்று எண்ணிப் பார்த்தாள். "ஆறெழுத்து. ஆறெழுத்தார்னு வச்சுக்குவோம்."

வம்சாவளி தேடித் தரும் இணையதளம் ஒன்றில் சீட்டுக்காரர் ஏற்கெனவே கணக்கு வைத்திருந்தார். கல்யாணப் படத்துக்காக சம்பந்தி வீட்டு வம்ச மரத்தையும் தன் மரத்தோடு இணைத்திருந்தார். காலிக் கட்டத்தில் ஆறெழுத்தாரை ஏற்றினார். அந்தத் தளம் பழைய பதிவேடுகளை எல்லாம் தானாகவே புரட்டிப் பார்க்குமாம். கொஞ்ச நேரம் ஒரு சக்கரம் சுற்றியது.

டிங்!

'வாழ்த்துகள்! உங்கள் தாத்தாவுக்கு ஒரு சகோதரர் கிடைத்திருக்கிறார்.'

"பார்த்தியா! சின்னத் தாத்தா ஒருத்தர் இருந்திருக்காரு!" என்று துள்ளிய சீட்டுக்காரர், அந்தச் சின்னத் தாத்தாவின் பெயரைப் படித்தார். அதற்குக் கீழே இருந்த கோட்டைப் பிடித்து இறங்கினார். மகன், மகனுக்கு மகன், கழுத்தில் விசிலோடு ஒரு புகைப்படம்.

மனைவி கையில் இருந்த கரண்டியை அடுப்புமேல் வைத்தாள். "இது நம்ம சம்பந்தி ஆச்சே?"

"ஆமா."

"உங்க தாத்தாவும் அவரு தாத்தாவும் அண்ணன் தம்பி. அப்ப நீங்களும் சம்பந்தியும்?"

"அண்ணன் தம்பி."

"அப்ப நம்ம பொண்ணும் மாப்பிள்ளையும்?"

சீட்டுக்காரர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். அதற்குள் போன் அடித்தது. அந்தப் பாழாய்ப்போன டிங், இணைத்து வைத்த எல்லோருடைய போனிலும் அடித்திருக்கிறது.

"என்ன சம்பந்தி இது!" சம்பந்தியின் குரல் ஸ்பீக்கர் போடாமலே சமையலறை வரை கேட்டது. "நீங்க எனக்கு அண்ணன்னு வருது! உங்க பொண்ணு எனக்குப் பொண்ணுன்னு வருது! பொண்ணை எப்படிங்க பையனுக்குக் கட்டறது?"

"இருங்க இருங்க, நான் பார்க்கறேன்..."

"என்னத்தைப் பார்ப்பீங்க? அதுவரைக்கும் பத்திரிகை அடிக்க வேணாம்னு அச்சகத்துக்குச் சொல்லிட்டேன்!"

அடுத்த போன் மாப்பிள்ளையிடமிருந்து. சிக்னல் விளக்கு பழுது பார்க்கிற வேலை, சாதுவான பையன். "மாமா..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, "இல்ல... பெரியப்பா..." என்று சொல்லி, அதற்குமேல் பேச முடியாமல் வைத்துவிட்டான்.

மகள் வேலை முடிந்து வந்தாள். பல் செட் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறவள். கையில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. கழுவக்கூட இல்லை, அப்படியே அப்பா எதிரில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று சீட்டுக்காரர் எதிர்பார்த்தார். அவள் அழவில்லை.

"எனக்கு இந்த முறையெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. ஆனா அவங்க அப்பா வேணாம்னு சொன்னா அவரு மீற மாட்டாரு. நாலு வருஷம்ப்பா. அந்தக் கட்டத்தைச் சும்மா விட்டிருக்கக் கூடாதா?"

அவள் திட்டியிருந்தால் தேவலாம். "நான் சரி பண்றேன்மா" என்றார். எப்படி என்று அவருக்கே தெரியாது.

வழி சொன்னது மனைவிதான். "ரெண்டு வழியில சொந்தம் இருந்தா எந்த வழி வசதியோ அந்த வழியில முறை வச்சுக்கறது உண்டுதானே? என் பக்கம் தேடுங்க. என் பக்கமா ஏதாவது நல்ல முறை கிடைச்சா அதைக் காட்டிருவோம்."

"உன் பக்கம் யாரைத் தேடறது?"

"எங்கப்பாவோட அப்பாவைத் தேடுங்க. ஏதோ பெரிய இடத்துப் பையன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க."

மறுநாள் இருவரும் பதிவு அலுவலகம் போனார்கள். இப்போது விண்ணப்பதாரர் மனைவி. மனு எழுதுகிறவர் படிவத்தை விரித்தார்.

"கணவர் பேருங்கம்மா?"

"அதோ நிக்கிறாரே, அவருதான்."

"ஆளு தெரியுதும்மா. பேரு?"

"அவரையே கேளுங்க."

"விண்ணப்பதாரர் வாயால சொல்லணும்மா."

"நான் சொல்ல மாட்டேன். எங்கம்மாவும் சொன்னதில்ல, எங்க பாட்டியும் சொன்னதில்ல."

மனு எழுதுகிறவர் சிரித்துவிட்டார். "இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு ஆளா!" என்று சொல்லி, சீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டு எழுதிக்கொண்டார். முந்தைய விண்ணப்ப எண்ணுக்கு மனைவியின் செருப்பு சைஸ் ஆறு.

மூன்றாம் ஜன்னல் அம்மா, ஜலதோஷம் முற்றிய நிலையில், அதே பதிவேட்டைத் தூக்கி வந்தாள். நாலு பக்கம் தள்ளி மனைவியின் தாத்தா இருந்தார். தகப்பன் தொழில்: படகோட்டி. முகவரி: எண் 1, முதல் தெரு. தகப்பன் பெயர்...

"இல்ல" என்றார் சீட்டுக்காரர்.

"என்ன இல்ல?"

"இதுவும் ஆறெழுத்து."

அந்தப் பெயரேதான். மனைவி எட்டிப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் டிங் என்றது. பதிவேட்டுத் தகவலை ஆபீஸே தளத்துக்கு அனுப்பிவிடுகிறதாம். 'வாழ்த்துகள்! உங்கள் மனைவி உங்களுக்குத் தங்கை முறை.'

அன்று சாயங்காலமே சம்பந்தி வந்தார். சாப்பாட்டு மேஜையில் மூன்று தட்டுகளைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றும் ஒரு தாத்தா என்று விளக்கினார்.

"இது உங்க தாத்தா. இது என் தாத்தா. இது உங்க வீட்டம்மாவோட தாத்தா. மூணு பேரும் ஆறெழுத்தாருக்குப் பிறந்தவங்க. மூணு பேருக்கும் தாய் வேற வேற. உங்க தாத்தாவும் என் தாத்தாவும் பிறந்ததுக்கு நடுவுல ஒன்பதே நாள்!"

"மனுஷனுக்கு மூணு பொண்டாட்டி போலிருக்கு" என்றாள் மனைவி.

"கொல்லன் வேலை பார்த்திருக்காரு, படகு ஓட்டியிருக்காரு" என்று சீட்டுக்காரர் ஆறெழுத்தாருக்காகப் பரிந்து பேசினார். அந்தச் சூழ்நிலையிலும் கொள்ளுத்தாத்தாவை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "மூணு குடும்பத்தையும் உழைச்சுக் காப்பாத்தியிருக்காரு."

"எங்க தாத்தாவோட பதிவுல வாத்தியாருன்னு போட்டிருக்கு!"

"பாருங்க, படிச்சவரும்கூட!"

"அதெல்லாம் இருக்கட்டும். இப்ப கேளுங்க. உங்க வீட்டம்மா எனக்குத் தங்கச்சி ஆயிட்டாங்க. தங்கச்சி பொண்ணுக்கு நான் தாய்மாமன். என் பையன் மாமன் மகன். அப்படிப் பார்த்தா முறை கச்சிதம். கல்யாணம் பண்ணலாம்!"

"அப்பாடா" என்றாள் மகள், கதவோரத்திலிருந்து.

"ஆனா பொண்ணோட அப்பா எனக்கு அண்ணன். அப்படிப் பார்த்தா கல்யாணம் பண்ணக் கூடாது!"

"வசதியான வழியை வச்சுக்குவோமே" என்றாள் மனைவி.

"வச்சுக்கலாம் தங்கச்சி. ஆனா அந்த வழிக்குப் போகணும்னா நீங்களும் இவரும் அண்ணன் தங்கச்சின்னு ஒத்துக்கணும். பொண்ணு கல்யாணம் சரியாயிரும், உங்க கல்யாணம் தப்பாயிரும்! ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க!"

சீட்டுக்காரருக்கு முழி பிதுங்கியது. மூன்று தட்டுகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். எப்படி வைத்தாலும் ஏதோ ஒரு கல்யாணம் உடைந்தது. ஒருமுறை வைத்தபோது மகள் அவருக்கே மருமகளானாள். இருபத்தெட்டு வருட ஸ்டோரில் ஒரு நட்டு கூடக் கணக்குக்கு உதைத்தது கிடையாது. மூன்று தாத்தாக்கள் உதைக்கிறார்கள்.

"அண்ணா, காபி ஆறுது" என்றாள் மனைவி.

"விளையாடாதே!"

"நான் எங்க விளையாடறேன்? உங்க கம்ப்யூட்டர்தான் சொல்லுது. பொண்ணுக்கு நான் இனி அம்மாவா, அத்தையான்னு அதையே கேட்டுச் சொல்லுங்க."

சம்பந்தி எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி, முதல்முறையாக மெதுவான குரலில் பேசினார். அவருக்கும் மனது கேட்கவில்லை என்பது தெரிந்தது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கறேன். ஆறெழுத்தாரு ஒரே ஆளு இல்லன்னு மட்டும் காட்டிருங்க. அடுத்த நிமிஷம் அச்சகத்துக்கு நானே போன் பண்றேன். பையன் ரெண்டு நாளா சாப்பிடலங்க."

ஒரே பெயரில் இரண்டு பேர், மூன்று பேர் இருந்திருக்கலாமே! சீட்டுக்காரருக்கு அந்த நூல் போதும். தளத்தின் பொதுப் பலகையில் ஓர் அறிவிப்பு போட்டார். 'இந்தப் பெயர் கொண்ட மூதாதை உள்ளவர்கள் முகவரியோடு தொடர்பு கொள்ளவும். அவசரம்.' வேறு தெருவில் ஒரு ஆறெழுத்தார் கிடைத்தால் போதும், இரண்டு ஆள் என்று காட்டிவிடலாம்.

டிங்.

டிங். டிங்.

புதன்கிழமை காலைக்குள் அறுபத்து மூன்று பேர். அத்தனை பேருடைய மூதாதையும் ஆறெழுத்தார்தான். அத்தனை பேருக்கும் எண் 1, முதல் தெருதான். தொழில்தான் வேறு வேறு: தச்சர், மாலுமி, கடிகாரம் பழுது பார்ப்பவர், காவல்காரர். நான்கு பிள்ளைகள் பிறந்த வாரம்கூட ஒன்று இருந்தது.

"இந்த மனுஷன் தூங்கவே இல்லையா?" என்றாள் மனைவி.

உறவுகள் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவர் "சித்தப்பா, சில்லறை இருக்கா?" என்றார். சீட்டுக்காரரின் பல் டாக்டர் அவருக்குப் பேரன் முறையாகிவிட்டார். கம்பெனியில் மெக்கானிக் ஒருவன் ஸ்டோர் ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணே, தம்பிக்கு ஒரு போல்ட் கொடுங்க. சொந்தக்காரனுக்குச் சீட்டு எதுக்கு?" என்றான். சீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்.

ஒரே வழிதான் மிச்சம். அந்த வீட்டையே கண்டுபிடிப்பது. எண் 1, முதல் தெருவில் இப்போது இருப்பவர்களைக் கேட்டால் ஏதாவது தெரியும். வியாழக்கிழமை மறுபடி லீவு. ஊரெல்லாம் சுற்றினார். தெருக்களுக்கு எல்லாம் பெயர் மாறியிருந்தது. அலைந்து களைத்து, பதிவு அலுவலக வாசலில் நின்று ஒரு தபால்காரரிடம் கேட்டார்.

"பழைய முதல் தெருவா? நீங்க நிக்கிறதேதான்."

"ஒண்ணாம் நம்பர்?"

தபால்காரர் பேனாவால் காட்டினார். பதிவு அலுவலகத்தின் கதவுக்கு மேலே, பலமுறை வெள்ளை அடித்ததில் மூழ்கிப் போய், ஒரு ஒன்று தெரிந்தது.

சீட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் படபடப்பில் ஒரு காரியம் செய்தார். செய்திருக்கக் கூடாது. போனை எடுத்துத் தளத்தில் எழுதினார்: 'ஆறெழுத்தாரின் வீடு இருந்த இடத்தில் இப்போது பதிவு அலுவலகம் இருக்கிறது. இது எப்படி என்று யாருக்காவது தெரியுமா?'

அவர் கேட்டது கேள்வி. படித்த அறுபத்து மூன்று பேருக்கும் அது பதிலாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு சீட்டுக்காரர் மனைவியோடும் மகளோடும் போனபோது, பதிவு அலுவலகத்தில் கால் வைக்க இடமில்லை. அறுபத்து மூன்று வாரிசுகளும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஒருவர் டேப் வைத்து ஹாலை அளந்துகொண்டிருந்தார். ஓர் அம்மாள் ஆவண அறைக் கதவைத் திறந்து, "இதை சமையலறை ஆக்கிக்கலாம், வெளிச்சம் நல்லா வருது" என்றாள். யாரோ ஒருவர் மனு எழுதுகிறவரின் நாற்காலியைத் தூக்கி வந்து, ஹால் நடுவில் போட்டு உட்கார்ந்து, "நான் மூத்தவன் வழி" என்று அறிவித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் ஜன்னல் அம்மா ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளேயிருந்து தும்மினாள்.

நடுவில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தது சம்பந்தி.

"வரிசை! வரிசை! மூத்த தாரம் இந்தப் பக்கம்! ரெண்டாம் தாரம் படிக்கட்டுப் பக்கம்! மத்தவங்க ஜன்னல் ஓரம்!"

"சம்பந்தி, என்ன பண்றீங்க?"

"வாங்கண்ணே! நம்ம வீடுண்ணே இது! எத்தனை பெரிசு பாருங்க! கவர்மெண்ட்டு வாயை மூடிக்கிட்டு இத்தனை வருஷம் அனுபவிச்சிருக்கு! நாம விடக்கூடாது!"

"ஆறெழுத்தாரு ஒரே ஆளு இல்லன்னு காட்டினா போன் பண்றேன்னீங்களே?"

சம்பந்தி ஒரு நொடி தடுமாறினார். கண் மகளிடம் போய், கூரைக்குப் போய், மறுபடி மகளிடம் வந்தது. "அது... ஒரே ஆளா இருந்தாத்தானேண்ணே வீடு நமக்கு..."

ஜன்னல் ஓரத்தில் மாப்பிள்ளை தனியாக நின்றிருந்தான். மகள் அவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் மகள் அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை. புறங்கையால் ஒருமுறை துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். சீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

அவருக்கு என்ன வந்ததோ, கிடுகிடுவென்று போய் ஒரு மேஜைமேல் ஏறினார். பையிலிருந்த மூன்று பேனாக்களும் சிதறின.

"எனக்கு வீடும் வேணாம், கொள்ளுத்தாத்தாவும் வேணாம்!" என்று கத்தினார். "தெரியாதுங்க! எங்க தாத்தாவோட அப்பா யாருன்னு எனக்குத் தெரியாது! கட்டம் காலியாவே இருக்கட்டும்! என் பொண்ணு கல்யாணம் நடக்கட்டும்!"

இருபத்தெட்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுவே முதல்முறை. மனைவியே வாயில் கை வைத்துக்கொண்டாள்.

அப்புறம் அறுபத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். "அவரு சொன்னா ஆச்சா?" "பதிவேடு பொய் சொல்லுமா?" "கையெழுத்தைப் பாருங்கய்யா!" சம்பந்தியின் விசில் சத்தம் யார் காதிலும் ஏறவில்லை.

"என் நாற்காலியைத் தூக்கிட்டு வந்தது யாருங்க?"

வாசலில் மனு எழுதுகிறவர் நின்றிருந்தார். சாய்ந்துகொள்கிற பலகையையும் யாரோ தூக்கிப் போய்விடுவார்களோ என்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். "என்னய்யா இங்க கூட்டம்? யாரு வீடு, யாரு வாரிசு?"

மூத்தவன் வழிக்காரர் நாற்காலியை விட்டு எழாமலே ஆறெழுத்தாரின் பெயரைக் கம்பீரமாகச் சொன்னார். "எங்க கொள்ளுத்தாத்தா. எண் ஒண்ணு, முதல் தெரு."

மனு எழுதுகிறவர் அவரை ஒருமுறை பார்த்தார். கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். கக்கத்திலிருந்த பலகையை இறக்கி, இத்தனை நாள் சுவரைப் பார்த்திருந்த பக்கத்தைத் திருப்பி, மேல்துண்டால் தூசியைத் துடைத்தார்.

உடைந்த கண்ணாடிக்குப் பின்னால் பழுத்துப்போன ஒரு தாள். தலைப்பு இருந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது. மிச்சமிருந்த கட்டங்களில் பளிச்சென்ற கையெழுத்து. தகப்பன் பெயர்: அதே ஆறெழுத்து. முகவரி: எண் 1, முதல் தெரு.

"பத்திரம்!" என்று கூவினார் டேப் வைத்திருந்தவர். "வீட்டுப் பத்திரம் கிடைச்சிருச்சு!"

கூட்டம் மொத்தமும் பலகையை நோக்கிப் பாய்ந்தது. சம்பந்தி முதல் ஆளாக வந்து அதைப் பிடித்துக்கொண்டார். சீட்டுக்காரர் மேஜையிலிருந்து இறங்கவும் தெரியாமல், நிற்கவும் முடியாமல், மகளைப் பார்த்தபடி நின்றார்.

"ஐயா" என்றார் அங்கிருந்தபடியே, "உங்களைக் கும்பிட்டுக் கேட்கறேன். இவரு யாரு? ஒரே ஆளா, இல்லையா? அதை மட்டும் சொல்லிருங்க."

மனு எழுதுகிறவர் பலகையைச் சம்பந்தியின் கையிலிருந்து பத்திரமாக வாங்கிக்கொண்டு, சீட்டுக்காரரின் மனைவி பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"ஆளே இல்லீங்க, இது எங்க தாத்தா எழுதி வாசல்ல மாட்டின மாதிரிப் படிவம், உங்க கொள்ளுப்பாட்டிங்க எல்லாம் இந்தம்மா மாதிரியே புருஷன் பேரைச் சொல்ல மாட்டேன்னு அடம் பிடிச்சிருப்பாங்க, கட்டம் காலியா இருந்தா ஜன்னல்ல வாங்க மாட்டாங்க, அதனால பிள்ளையைப் பதிய வந்த மருத்துவச்சி பேரு, முகவரி ரெண்டையும் இதையே பார்த்து எழுதிக் கொடுத்துட்டுப் போயிருவா!"